நோய் ஒருவருக்கு, பராமரிப்பு இருவருக்கும்
(சர்க்கரை நோயும் குடும்பத்தாரின் கடமையும்)



குடும்ப நலம் என்றதும் பிரசவம், தடுப்பூசி, அளவான குடும்பம் ஆகியவைதான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். அவை எல்லாம் முக்கியமே. ஆனால் பெற்ற பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்க வேண்டுமானால் தாயும் தகப்பனும் திடமாக இருக்க வேண்டும் அல்லவா? நாற்பது, ஐம்பது வயதில், வீட்டைத் தாங்கி நிற்கும் நேரத்தில், ஒருவரைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடக்கூடிய நோய் சர்க்கரை நோய். நீரிழிவு என்பதும் இதுவே.

இது பட்டணத்துப் பணக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்ற காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அந்த ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். நம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் ஐம்பது பெரியவர்கள் உட்கார்ந்தால் அதில் ஏழு பேருக்குச் சர்க்கரை இருக்கக்கூடும். அவர்களில் சிலருக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்தும் வீட்டில் சொல்லாதவர்களும் இருப்பார்கள்.

அப்படிச் சொல்லாமல் இருந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் நடந்தது

பள்ளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சமையல்காரர். வயது 48. முகூர்த்த நாட்களில் அவருக்கு ராத்திரி பகல் கிடையாது. அடுப்படியிலேயே நின்று ஆயிரம் பேருக்குச் சமைப்பார். மூன்று வருஷத்துக்கு முன்பே அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். என்னிடந்தான் அறிவுரை கேட்டுக்கொண்டு போனார். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது என்று அச்சிட்ட தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு சரி.

வீட்டில் அவர் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். “சம்பந்தம் பேச வர்றவங்க காதுக்குப் போனா வம்பு, அவளும் பயந்துருவா” என்று நினைத்துவிட்டார். மாத்திரையைப் பாத்திர மூட்டைக்குள் ஒளித்து வைத்து, ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொண்டார். ஒரு நாள் கல்யாண வீட்டில் உடைந்த பீங்கான் துண்டு காலில் ஏறியது. கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. நான்கு நாள் அதோடு நடந்தார். ஐந்தாம் நாள் காலை பாய் சுருட்டும்போது கறையைப் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்தார். அதற்குள் சீழ் பிடித்துவிட்டது. காலைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஐயா, உலை வைக்கிறவ நான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அந்தக் கேள்வி கணவருக்கு மட்டும் உரியதல்ல, எனக்கும் உரியதே. வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. அடுத்த முறை சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும், “கூட யார் வந்திருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்கிறேன். இந்தப் பிரசுரத்தைக் கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

சர்க்கரை நோய் என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறு, இட்லி, பலகாரம் எல்லாம் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரைதான் உடம்புக்கு வேலை செய்யும் பலத்தைக் கொடுக்கிறது. வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் என்ற உறுப்பு இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் போவதற்கு இந்த இன்சுலின் வேண்டும்.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ததும்பி ஓடினாலும் மடையைத் திறந்தால்தான் வயலுக்குப் பாயும். மடை சரியாகத் திறக்காவிட்டால் வாய்க்கால் கரையை அரிக்கும், வயல் காயும். இன்சுலின் குறைந்தாலும், இருக்கிற இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இதே கதைதான். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து கண், சிறுநீரகம், இருதயம், நரம்பு, பாதம் ஆகியவற்றை அரிக்கிறது. உடம்போ சத்தில்லாமல் சோர்கிறது.

அடிக்கடி சிறுநீர் கழித்தல், அடங்காத தாகம், அதிகப் பசி, காரணமில்லாமல் உடல் இளைத்தல், களைப்பு, ஆறாத புண், பிறப்புறுப்பில் அரிப்பு, பார்வை மங்கல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் பலருக்குப் பல வருஷம் எந்த அறிகுறியும் இராது. “நான் நல்லாத்தானே இருக்கேன்” என்பது அத்தாட்சி ஆகாது. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் நீரிழிவு என்று கொள்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்றும் உண்டு. அதில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுமுறையும் சோதித்தே டாக்டர் முடிவு செய்வார்.

தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். கணவன் மனைவிக்குள் இரத்த உறவு இல்லாதபோதும், ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு சற்று அதிகமே. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு ஒரே விதமாக வாழ்வது இதற்கு ஒரு காரணம். ஆகவே வீட்டில் ஒருவருக்கு இருப்பது தெரிந்த அன்றே 30 வயது கடந்த மற்றவர்களும் சோதித்துக்கொள்ளுங்கள். மற்றபடி இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது.

சமையல்: தனி உலை வேண்டாம்

“அவருக்கு மட்டும் தனியாச் சமைக்கணுமா?” என்று தாய்மார்கள் கேட்பார்கள். வேண்டாம். நம் செட்டிநாட்டில் ஒரே பெரிய வீட்டுக்குள் கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனி அடுப்பு வைத்து வாழ்ந்த வழக்கம் உண்டு. நோய்க்காகவும் ஒரு தனி அடுப்பு எதற்கு? சர்க்கரை உள்ளவருக்கு ஏற்ற சாப்பாடு வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஏற்றதே. அவருக்கு மட்டும் உப்புச் சப்பில்லாமல் ஒன்றை வைத்துவிட்டு, மற்றவர்கள் பணியாரம் சாப்பிட்டால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? அவர் கடைத் தெருவில் போய்த்தான் சாப்பிடுவார்.

தட்டை மனதால் நான்கு பாகமாகப் பிரியுங்கள். இரண்டு பாகத்துக்குக் கீரை, அவரை, வெண்டை, புடலை, கத்தரி போன்ற காய்கள். ஒரு பாகத்துக்குப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதி ஒரு பாகத்துக்குத்தான் சோறு. சோற்றை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. காயை முன்னே தள்ளிச் சோற்றைப் பின்னே தள்ளினால் போதும்.

சில தவறான எண்ணங்களையும் இங்கே திருத்திக்கொள்வோம்.

வெள்ளைச் சீனிதான் கெடுதல், கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் பரவாயில்லை என்கிறார்கள். இது தவறு. இரத்தத்தில் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சர்க்கரையே.

கேழ்வரகு நல்லதுதான். ஆனால் மாவாக்கிக் கஞ்சி காய்ச்சி இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை விரைவாக ஏறும். களியாகவோ அடையாகவோ அளவோடு, காய் குழம்போடு சாப்பிடுவது மேல்.

கவுனி அரிசி தவிட்டோடு கூடியது, நார்ச்சத்து உள்ளது. ஆனால் விசேஷத்துக்குச் செய்கிற மாதிரி சீனியும் நெய்யும் தேங்காய்ப் பூவும் போட்டுக் கிளறினால் அது இனிப்புப் பண்டமே. அரிசியின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கந்தரப்பம், பால் பணியாரம், அதிரசம் ஆகியவற்றை ஆயுசுக்கும் தொடக்கூடாதா? விசேஷ நாளில் ஒன்று சாப்பிட்டு, அந்த வேளை சோற்றைக் குறைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அனுமதிப்பார்கள். ஒளித்துத் தின்கிற நான்கைவிட, சொல்லிவிட்டுத் தின்கிற ஒன்று மேல்.

விருந்தாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தியில் ஒருவர் “எனக்கு இனிப்பு வேண்டாம்” என்று இலையை மறைத்தால், “ஒரு நாளைக்கு என்ன ஆயிரப் போகுது” என்று வற்புறுத்தி வைக்காதீர்கள். அது உபசாரம் ஆகாது.

நடை

வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு அரை மணி நேரம் கைவீசி வேகமாக நடக்க வேண்டும். “நாள் முழுக்க வீட்டு வேலைதானே செய்யிறேன்” என்பார்கள். வீட்டு வேலை நல்லதே. ஆனாலும் மூச்சு சற்று வாங்கும்படியான தொடர்ந்த நடையும் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து நடங்கள். அந்த அரை மணி நேரம் வீட்டுச் சங்கதி பேசவும் உதவும். நெஞ்சு வலி, மூச்சு இரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

மாத்திரையும் ஊசியும்

மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள். சாப்பிடும் இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதை இருவருமே தெரிந்துகொள்ளுங்கள். எழுதப் படிக்க முடியாத வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு அட்டையின் மேல் சூரியன், நிலா படம் போட்டு வைக்கலாம். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா.

“சர்க்கரை குறைஞ்சிருச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்” என்று சொல்பவர் அநேகம். மாத்திரை போட்டதால்தான் குறைந்தது என்பதை மறக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. நாட்டு மருந்தை நம்பிக் கைமருந்தைத் தூக்கி எறியவும் கூடாது. வெந்தயமும் பாகற்காயும் சமையலில் இருக்கட்டும். அவை மாத்திரைக்குப் பதில் ஆகா.

இன்சுலின் ஊசி என்றால் ‘கடைசிக் கட்டம்’ என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுவரை அவனைப் போன்ற பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறந்துபோனார்கள். இன்சுலின் வந்த பிறகுதான் பிழைத்தார்கள். நம் சென்னையில் 1948-ஆம் ஆண்டிலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். ஆகவே இது புதிதாக வந்த, சோதித்துப் பார்க்காத மருந்தல்ல. உடம்பில் இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவே.

ஊசியைப் போட்டுக்கொள்பவர் மட்டுமன்றி, வீட்டில் இன்னொருவரும் நர்ஸிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கண் மங்கிய நாளில், காய்ச்சலில் படுத்த நாளில் யார் போடுவது? வயிறு, தொடை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் உறையும் தட்டில் வைக்காமல் கீழே வையுங்கள். உறைந்த இன்சுலின் உதவாது. பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் பரப்பி, நடுவே சிறிய மண்கலயம் வைத்து, அதற்குள் குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடி, நிழலில் வையுங்கள். மணலைத் தினமும் நனையுங்கள். அடுப்படியிலும் ஜன்னல் வெயிலிலும் வைக்கக்கூடாது. போட்டு முடித்த ஊசியைக் குப்பையில் எறியாமல் மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்துச் சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள்.

சர்க்கரை இறங்கினால்

இந்தப் பகுதியை வீட்டில் உள்ள அனைவரும், பத்து வயதுப் பிள்ளை உட்பட, தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அந்த நேரத்தில் நோயாளிக்குத் தன்னையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாமல் போகலாம்.

இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுத்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தால், வழக்கத்தைவிடக் கடினமாக உழைத்தால், அல்லது வெறும் வயிற்றில் சாராயம் குடித்தால் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி கண்ணை இருட்டும். சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், பேச்சு குழறும். “குடிச்சிட்டு வந்திருக்காரு” என்று தவறாக நினைத்துவிடாதீர்கள்.

உடனே மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். இந்த வேளையில் சீனிதான் மருந்து. பதினைந்து நிமிஷம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

விரதம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சஷ்டியானாலும் பிள்ளையார் நோன்பானாலும், பட்டினி கிடந்துகொண்டு வழக்கமான மாத்திரையை விழுங்குவது ஆபத்து. மாத்திரையையும் ஊசியையும் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்து. ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினைத் தானாக நிறுத்தக்கூடாது. தண்ணீர் நிறையக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

பாதத்தைப் பாருங்கள்

நம் உள்ளங்காலை நாமே பார்ப்பது கஷ்டம். வயதானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் இன்னும் கஷ்டம். ஆகவே தினமும் இரவு படுக்கும் முன் ஒருவர் பாதத்தை மற்றவர் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கில் ஈரம், கொப்புளம், வெடிப்பு, முள், நிறமாற்றம் இருக்கிறதா? இதற்கு இரண்டு நிமிஷம் போதும். அந்தச் சமையல்காரருக்கு இந்த இரண்டு நிமிஷம் கிடைத்திருந்தால் இரண்டு விரல்களும் இருந்திருக்கும்.

வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். வெந்நீரில் காலை வைக்கும் முன் நோயில்லாத இன்னொருவர் முழங்கையால் சூடு பார்க்கட்டும். ஆணிக்காலைப் பிளேடால் அறுக்காதீர்கள். சிறு புண் என்றாலும் அன்றே காட்டுங்கள்.

தை மாதத்தில் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்தே செல்லும் காவடி நம் பகுதிக்குப் பெருமை. தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. சர்க்கரை உள்ளவர்கள் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டரிடம் முன்கூட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடப்பது காலையே பணயம் வைப்பதாகும். பழகிய செருப்போடு நடந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். மடியில் சீனிப் பொட்டலம் இருக்கட்டும். தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் கூட வருபவர் பாதத்தைப் பார்க்கட்டும்.

மனைவிக்கு வந்தால்?

கணவருக்குச் சர்க்கரை என்றால் மனைவி சமையலை மாற்றுகிறார், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறார். மனைவிக்கு வந்தால்? அநேக வீடுகளில் அவர் தனியாகவே பஸ் ஏறி வருகிறார். எல்லோரும் உண்ட பிறகு கடைசியில், சட்டியில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் மட்டும் சாப்பிடுகிறார். காயெல்லாம் தீர்ந்திருக்கும். மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் ராத்திரிச் சோற்றையும் அவரே சாப்பிடுகிறார். இப்படிச் சாப்பிட்டால் எந்த மாத்திரையும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாது.

நான் மேலே சொன்ன வீட்டிலும் இதுவே நடந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த அம்மாளுக்கும் சோதித்தோம். அவருக்கும் சர்க்கரை இருந்தது. “எனக்கென்னங்கய்யா, அவரு தேறட்டும்” என்றார். கணவர்தான் விடவில்லை. இப்போது அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஊருக்கெல்லாம் பரிமாறியவர் வீட்டில் முதலில் மனைவியின் தட்டில் காயை வைக்கிறார். இரவில் அவர் பாதத்தை இவரும், இவர் பாதத்தை அவரும் பார்க்கிறார்கள். ஆண்பிள்ளை மனைவியின் காலைத் தொட்டுப் பார்ப்பதா என்று யாரும் கேட்டால், ஆமாம், தொட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கணவன் மனைவிக்குள் பேச வேண்டியது

சில சங்கதிகளை வெட்கப்பட்டு யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் தளர்ச்சி ஏற்படலாம். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் அடிக்கடி வரலாம். இதை வைத்து ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதும் ஒதுக்குவதும் பெரிய கொடுமை. இது நோயின் விளைவு, இதற்கு வைத்தியம் உண்டு. லேகியக்காரரிடம் பணத்தைக் கொட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு நீரிழிவு இருந்தால், கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் சில வாரங்களிலேயே கெடுதல் செய்யக்கூடும். அதுவரை எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்று சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். நோய் இல்லாத பெண்ணுக்கும் கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறலாம். ஆகவேதான் கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் சோதிக்கிறார்கள். 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கவனிப்புத் தேவை. இப்படி வந்தவர்கள் பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் மறுபடியும், பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்.

காவல் வேண்டாம், துணை வேண்டும்

அக்கறையில் சிலர் நோயாளியைத் திருடனைப் போல் கண்காணிக்கிறார்கள். “இன்னைக்கு டீக்கடையில என்ன தின்னீங்க?” என்று நாலு பேர் முன்னால் கேட்டால் மறுநாளிலிருந்து அவர் மறைக்கத்தான் செய்வார். நோயை மறைத்தால் நோய் வளரும். “ஏங்க, இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா, இந்தாங்க தண்ணி” என்று கேட்பது துணை. “வாங்க, ஒரு சுத்து நடந்துட்டு வருவோம்” என்று அழைப்பது துணை.

மகனோ மகளோ சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. மாதம் பணம் அனுப்புவது போலவே, வாரம் ஒரு முறை அப்பச்சியிடமும் ஆத்தாளிடமும் “கால் எப்படி இருக்கு, மாத்திரை இருக்கா?” என்று போனில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது சாக்லேட்டுப் பெட்டிக்குப் பதில் நல்ல மெத்தென்ற செருப்பு வாங்கி வரச் சொல்லுங்கள்.

வீட்டு வாசலுக்கே வரும் உதவி

தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தேவைப்படுவோருக்கு மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு இது. இந்தத் திட்டம் 2024-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. தன்னார்வலர் வரும்போது திண்ணையிலேயே மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து சந்தேகங்களைக் கேளுங்கள்.

ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்தாலும், அதை வேளா வேளைக்கு வாயில் போடுவது வீட்டார் பொறுப்பு. கண்ணையும் சிறுநீரையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிக்க வேண்டும். கண்ணில் கெடுதல் தொடங்கியதை நோயாளி உணரும் முன்பே டாக்டர் கண்டுபிடிக்க முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியையும் சோதியுங்கள். நீரிழிவு உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். புகையும் சர்க்கரையும் சேர்ந்தால் காலுக்குப் போகும் இரத்தக் குழாய் சீக்கிரம் அடைபடும்.

இன்று இரவு செய்ய வேண்டியவை

1. யாருக்காவது சர்க்கரை இருந்து மறைத்து வைத்திருந்தால், இன்றே துணையிடம் சொல்லுங்கள்.
2. மாத்திரை வைக்க எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தை ஒதுக்குங்கள்.
3. ஒரு சிறு டப்பாவில் சீனி போட்டு, அது எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.
4. ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள்.
5. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். காய் இருவர் தட்டிலும் சமமாக இருக்கட்டும்.
6. அடுத்த முறை சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள்.

சர்க்கரை நோயை இன்று அநேகருக்கு அடியோடு போக்க முடியாது. ஆனால் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்து, எண்பது வயது வரை நடமாடியவர்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வீட்டில் எல்லாம், நோயைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு கூட இருந்தவருக்கும் தெரிந்திருந்தது.

இதைப் படித்து முடித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடாதீர்கள். வீட்டில் உலை வைப்பவரிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.